பட்ஜெட்டுக்குள் ஒரு காம்பவுண்ட் வில்: இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எட்டு வருஷம் கழித்து வில்லை இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு, சாயங்காலம் ஐந்து மணி. கையில் இருந்தது பழைய வில், இழுக்க 70 பவுண்டு பலம் வேண்டும். பென்சில்வேனியாவில் வேலை பார்த்த காலத்தில் இதே வில்லால் ஒரே நாளில் 80 அம்பு விட்டிருக்கிறேன். அன்றைக்கு கேம் (வில் நுனியில் சுழலும் உருளை) உருண்டு மேடேறும் இடத்திலேயே தோள் கைவிரித்துவிட்டது. வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி, முதுகை வளைத்து, எப்படியோ இழுத்து முடித்தேன். மொத்தம் மூன்று அம்பு. நான்காவதற்குக் கை எழவில்லை. அடுத்த பத்து நாள் சட்டை மாட்டுவதற்கே வீட்டில் ஒருவர் கூட நிற்க வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த வில்லை ஒதுக்கிவிட்டு, கையைச் சுட்டுக்கொள்ளாத விலையில் வேறொன்று தேட ஆரம்பித்தேன். அதே சமயத்தில் டெக்ஸஸில் இருக்கும் மச்சானும் போன் பண்ணினான். அவனும் பல வருஷம் விட்டவன். வருகிற சீசனுக்கு மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுக்கப் போகிறானாம்.

“மாப்ள, ஒரு வில் பார்த்து வச்சிருக்கேன். நொடிக்கு 340 அடி வேகம், ஆயிரத்து இருநூறு டாலர். எடுத்துரவா?”

“உன் கை நீளம் எவ்வளவுன்னு சொல்லு மச்சான்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். விட்டுப்போன நாளில் இருந்த உடம்பை மனதில் வைத்து வில் வாங்குகிறோம். இன்றைய தோளுக்கும் இன்றைய கண்ணுக்கும் பொருந்துகிற வில் பெரும்பாலும் மலிவான வில்தான். அதை எப்படித் தேடுவது என்று நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

1. எதற்கு வில் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

இங்கே இருந்துகொண்டு ‘வேட்டை வில்’ தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டை குற்றம். துப்பாக்கியோ வில்லோ கண்ணியோ, எல்லாம் ஒன்றுதான். நம் வயலில் மேயும் மயில் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. காட்டுப்பன்றி வேர்க்கடலையைக் கிளறிப் போட்டாலும் மனு எழுதுவதுதான் வழி. அதைச் சுடுவதா வேண்டாமா என்பது வனத்துறையின் வேலை. அமெரிக்காவில் வில்லால் மீன் குத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு, இங்கே கடலில் முயலலாமா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று கண்மாய் கண்மாயாகப் பறவைகள் சரணாலயம். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன்.

ஆக, இங்கே வில் என்றால் இலக்கு வில்வித்தை. அதுவும் இளைத்த விளையாட்டு இல்லை. காம்பவுண்ட் வில்லில் 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேயும் ஆளுக்கு மூன்று தங்கம் வாங்கினார்கள். இரண்டு கையும் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் ஜெயித்தார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல் முறையாக வருகிறது.

வெளிநாட்டில் இருந்து சட்டப்படி வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிகாட்டி பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் மட்டும் கவனிக்கவும்: அங்கே வில்வேட்டைக்கு அனுமதி கிடையாது.

2. கையை அளந்துவிட்டு விலையைப் பாருங்கள்

சாதாரண வில்லை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். காம்பவுண்ட் வில் அப்படி இல்லை. மிஸ்ஸௌரிக்காரரான ஹோலஸ் வில்பர் ஆலன் 1960-களில் வில்லின் இரண்டு நுனியிலும் உருளை வைத்து இதைக் கண்டுபிடித்து, 1969-ல் காப்புரிமை வாங்கினார். உருளை குறிப்பிட்ட அளவு சுழன்றதும் சுவரில் முட்டியது மாதிரி நின்றுவிடும். அந்த இடம் உங்கள் கை நீளத்துக்குச் சரியாக அமைய வேண்டும். இதுதான் இழுவை நீளம்.

அளப்பது சுலபம். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் சிலுவை மாதிரி நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். எனக்கு 68 அங்குலம் வந்தது, வகுத்தால் 27.2. என் பழைய வில்லோ 29-இல் நின்றது. அத்தனை வருஷமும் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் நீளமான வில்லை வைத்துக்கொண்டு, ‘முன்னங்கையில் நாண் அடிக்கிறதே’ என்று கைக்கவசம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இழுத்த நிலையில் உடம்பு பின்னால் சாய்வது, நாண் மூக்கு நுனியைத் தாண்டிக் கன்னத்துக்குள் போவது, இழுக்கிற கை காதுக்குப் பின்னால் நிற்பது எல்லாமே நீளம் அதிகம் என்பதற்கான அடையாளம். சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைவாகவே வையுங்கள்.

அடுத்தது கண். காம்பவுண்ட் வில் வலக்கை, இடக்கை என்று தனித்தனியாக வரும், மாற்றிக்கொள்ள முடியாது. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பனைமரத்தின் தலையை அதற்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பனை ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். வலது கண் என்றால் வலக்கை வில். முன்பு பார்த்ததுதானே என்று விட்டுவிட வேண்டாம்; கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஆளும் கண் மாறிப்போவதும் உண்டு.

3. பவுண்டு: 25 கிலோ அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்

வில்லின் பலத்தை உலகம் முழுக்க பவுண்டில்தான் சொல்கிறார்கள். நமக்குக் கிலோவில் சொன்னால்தான் உறைக்கும். 55 பவுண்டு என்பது 25 கிலோ. கடையில் வாங்கும் ஒரு அரிசி மூட்டை. 70 பவுண்டு கிட்டத்தட்ட 32 கிலோ. அந்த மூட்டையை மூன்று விரலால் கன்னம் வரை இழுத்து, ஒரு சாயங்காலத்தில் ஐம்பது தடவை அதையே செய்வதாகக் கற்பனை பண்ணிப் பாருங்கள்.

காம்பவுண்டில் நல்ல விஷயம், உச்சியைத் தாண்டியதும் பாரம் விழுந்துவிடும். ‘லெட்-ஆஃப்’ 80 சதவீதம் என்றால் 55 பவுண்டு வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கையில் இருப்பது 11 பவுண்டுதான், அதாவது 5 கிலோ. குறி வைத்து நிதானிக்க இதுதான் உதவுகிறது. ஆனால் அந்த 5 கிலோவுக்குப் போய்ச் சேர 25 கிலோவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தோள் பிசகுவது அந்த வழியில்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். நாணில் அம்பு இருக்கட்டும், முன்னால் இலக்குப் பை இருக்கட்டும். வில்லை நேராக நீட்டி, வானத்தைப் பார்க்காமல், ஒரே சீராக இழுங்கள். முப்பது நொடி பிடியுங்கள். பிறகு அம்பை விடாமல் மெதுவாகத் திருப்பி விடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியில் வில் உங்களை முன்னால் இழுத்துக்கொண்டு போனால் பலம் அதிகம். ஐந்து பவுண்டு குறைத்து மறுபடி பாருங்கள்.

என் கணக்கு: நாற்பது வயதைத் தாண்டிப் பல வருஷம் கழித்துத் திரும்புகிற ஆண்கள் 45-இல் ஆரம்பித்து 50, 55-க்குப் போகலாம். பெண்கள் 30, 35-இல் ஆரம்பிக்கலாம். உலக வில்வித்தைப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பே 60 பவுண்டுதான். 50 மீட்டர் தூரத்தில் 80 சென்டிமீட்டர் இலக்கை அதுவே போதும் போதும் என்று தொடும்.

வேட்டைக்கு? மச்சான் இதைத்தான் கேட்டான். “அம்பது பவுண்டுக்கு மான் விழுமா?” அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் கேட்கிற குறைந்தபட்சமே 35, 40 பவுண்டுதான். கணக்குப் போட்டும் பார்க்கலாம். அம்பின் எடையை கிரெயினில் எடுத்து, அதை வேகத்தால் இரண்டு முறை பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் ஆற்றல் வரும். 400 கிரெயின் அம்பு, அதாவது 26 கிராம், நொடிக்கு 230 அடி வேகத்தில் போனால் 47 அடி-பவுண்டு. மானுக்கு வழக்கமாகச் சொல்கிற அளவு 25 முதல் 41 வரை. போதுமே!

4. வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

பெட்டியில் ‘310’ என்று போட்டிருப்பார்கள். அந்த எண் 70 பவுண்டு, 30 அங்குல இழுவை, 350 கிரெயின் அம்பு என்று வைத்து எடுத்தது. நம்மூரில் 30 அங்குல இழுவை உள்ளவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இழுவையில் ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 10 அடி வேகம் போகும். ஒரு பவுண்டு குறைந்தால் ஏறக்குறைய 2 அடி. அம்பில் மூன்று கிரெயின் கூடினால் ஒரு அடி. 27.2 அங்குலம், 55 பவுண்டு, 400 கிரெயின் என்று போட்டால் 310 எல்லாம் கரைந்து 235 பக்கம் வந்து நிற்கிறது. நாணில் பீப் சைட்டும் (குறிபார்க்கும் குட்டி ஓட்டை) டி-லூப்பும் (நாணைப் பிடித்து இழுக்கும் கயிற்று வளையம்) ஏறினால் இன்னும் நாலைந்து குறையும்.

340 வில்லை எடுத்தாலும் இதே கரைசல்தான். 20 கஜத்தில் இரண்டு அம்பும் போய்ச் சேரும் நேர வித்தியாசம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. சத்தம் நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. எந்த வில்லாக இருந்தாலும் மானின் காதுக்கு நாண் சத்தம்தான் முதலில் போய்ச் சேரும். வேகமான வில்லுக்கு முரட்டு கேம், இழுக்கக் கடினம், கை கொஞ்சம் பிசகினாலும் அம்பு விலகும். இதற்காக இரட்டை விலை கொடுக்க எனக்கு மனசு வராது.

அதைவிட இரண்டு அளவுகளைக் கவனியுங்கள். ஒன்று, மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் உள்ள நீளம். மரத்தில் பரண் கட்டி உட்காருகிறவர்களுக்கு 28, 30 அங்குலம் வசதி. திறந்த இடத்தில் நின்று விடுகிற நமக்கு 31 முதல் 34 வரை இருந்தால் கையில் ஆட்டம் குறையும். இரண்டாவது, கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. 6 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். 7 இருந்தால் கை நடுக்கத்தை வில்லே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கேம் ஒற்றையா, இரட்டையா, பைனரியா என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். இந்த விலையில் அது பெரிய விஷயமில்லை.

5. பிரஸ் இல்லாமல் மாற்றக்கூடிய வில்லா?

நம் பக்கத்துக்காரர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். வில் பிரஸ் என்பது மேலும் கீழும் வளைகிற இரண்டு லிம்பையும் (வில்லின் கைகள்) அழுத்திப் பிடித்து நாணைத் தளர்த்துகிற கருவி. அது இல்லாமல் காம்பவுண்டின் நாணைக் கழற்றவே கூடாது, லிம்ப் தெறித்துவிடும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை விசாரித்தேன், அப்படி ஒரு பிரஸ் வைத்திருக்கும் கடை என் கண்ணில் படவில்லை. பழைய வில்களில் இழுவை நீளத்தை மாற்ற வேறு கேமோ வேறு மாட்யூலோ (கேமில் இழுவை நீளத்தைத் தீர்மானிக்கும் துண்டு) வாங்கி, பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். இங்கே அது நடக்கிற காரியமில்லை.

அதனால் ‘சுழலும் மாட்யூல்’ இருக்கிற வில்லாகப் பாருங்கள். கேமில் இருக்கும் இரண்டு திருகை அலன் கீயால் தளர்த்தி, மாட்யூலை அடுத்த எண்ணுக்கு நகர்த்தி, மறுபடி முறுக்கினால் முடிந்தது. அமெரிக்கத் தயாரிப்புகளில் பேர் (Bear) நிறுவனத்தின் க்ரூசர் ஜி2 12 முதல் 30 அங்குலம் வரையும், டயமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ 13 முதல் 31 வரையும் இப்படி மாறும். இரண்டுமே 5 முதல் 70 பவுண்டு வரை ஏறி இறங்கும். சன்லிடா, டோபாயிண்ட் போன்ற சீன நிறுவனங்களிலும் இதே வகை உண்டு, விலை இன்னும் குறைவு. சகலத்துக்கும் பொருந்துகிற வில் எதிலும் உச்சத்தில் இருக்காது என்பது உண்மைதான். இழுவை முடியும் இடத்தில் சுவர் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். திரும்பி வருகிறவருக்கு அது குறையே இல்லை. வீட்டில் மகளுக்கும் அதே வில்லை இறக்கிக் கொடுக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

பவுண்டை மாற்றுவது லிம்ப் போல்ட்டில். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு, மூன்று பவுண்டு மாறும். மேலே எத்தனை சுற்றோ கீழேயும் அத்தனை சுற்று. கையேட்டில் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு போதும் தளர்த்தாதீர்கள். போல்ட் வெளியே வந்தால் வில் வெடித்த மாதிரிதான்.

6. காசைப் பிரிப்பது

அமெரிக்காவில் ‘எல்லாம் சேர்ந்த’ பேக்கேஜ் வில் 300-இலிருந்து 500 டாலருக்குள் கிடைக்கும். உயர்ந்த ரகம் ஆயிரத்தைத் தாண்டும், அதுவும் வெறும் வில். இங்கே வரவழைத்தால் கப்பல் கூலி, சுங்கம், ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறும், கடைக்காரரிடம் ‘எல்லாம் சேர்த்துக் கைக்கு வந்து சேர எவ்வளவு’ என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

‘எல்லாம் சேர்ந்த’ என்பதில் எல்லாம் இருக்காது. அம்பைத் தாங்கும் ரெஸ்ட், குறிபார்க்க மூன்று பின் (ஊசி) உள்ள சைட், நாணில் பீப், அம்பு வைக்கும் கூடு, ஆட்டத்தைக் குறைக்கும் குட்டி ஸ்டெபிலைசர் கம்பி, இவ்வளவுதான். அம்பும் இருக்காது, ரிலீஸும் (நாணைக் கவ்வி இழுத்து விடுகிற கருவி) இருக்காது. கையில் நூறு ரூபாய் இருந்தால் ஐம்பத்தைந்துக்கு மேல் வில்லுக்குப் போடாதீர்கள். இருபது அம்புக்கு, பத்து பன்னிரண்டு ரிலீஸுக்கு, மீதி இலக்குக்கும் பெட்டிக்கும் அலன் கீ செட்டுக்கும்.

ரிலீஸில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். மணிக்கட்டில் பட்டையாகக் கட்டி ஆள்காட்டி விரலால் தட்டுகிற ரகம் பழகியது. வேட்டைக்காரர்கள் பலரும் அதையே வைத்திருப்பார்கள். எனக்கு அதில் ஒரு பழைய வியாதி உண்டு. சைட்டின் பின் இலக்கின் மஞ்சள் வட்டத்தைத் தொட்டவுடன் விரல் தன்னாலே வெடுக்கென்று தட்டிவிடும். இந்தத் தடவை கட்டைவிரல் பொத்தான் உள்ளதை வாங்கினேன். விரலை வைத்துக்கொண்டு முதுகால் இழுத்தால் எப்போது போகும் என்று தெரியாமலே அம்பு போகிறது. முதல் வாரம் பயமாக இருந்தது, இப்போது பழைய பட்டையைத் தொடுவதில்லை.

அம்பு விஷயத்தில் இரண்டே கணக்கு. வில்லின் ஒரு பவுண்டுக்குக் குறைந்தது 5 கிரெயின் எடை: 55 பவுண்டுக்கு 275-க்குக் கீழே இறங்கவே கூடாது, 350-இலிருந்து 420-க்குள் இருந்தால் நிம்மதி. அடுத்தது ஸ்பைன், அதாவது விறைப்பு. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். 28 அங்குல அம்பு, 50 பவுண்டுக்கு 500, 60-க்கு 400, 70-க்கு 340 என்பது தோராயம். அம்பு நிறுவனத்தின் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆறு அம்பு போதும் என்று நினைப்பீர்கள். சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒன்று போனால் தெரியும். பன்னிரண்டு வாங்குங்கள்.

கார்பன் அம்பை ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் இரண்டு நுனியையும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் உள்ளே கீறல். உடைத்துப் போட்டுவிடுங்கள். கீறிய அம்பு நாணில் நொறுங்கினால் சிராய் வில் பிடித்த கைக்குள்தான் போகும்.

7. கண்ணாடி போடுகிறவர்களுக்கு

நாற்பத்தைந்துக்கு மேல் வில் எடுக்கிறவர்கள் ‘பின் மங்கலாத் தெரியுது, சைட் சரியில்லை’ என்பார்கள். சைட்டில் கோளாறு இல்லை. வெள்ளெழுத்து! பின் கை நீளத்தில், இலக்கு முப்பது மீட்டரில். இரண்டும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியாது. இலக்கைத் தெளிவாகப் பாருங்கள், பின் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும். பீப் ஓட்டையைச் சின்னதாக்கினால் பின் கூர்மையாகும், ஆனால் அந்தி வெளிச்சத்தில் இருட்டிவிடும். மூன்று பின்னைக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு ஒற்றைப் பின் நகரும் சைட் நல்லது. பைஃபோகல் போட்டுக்கொண்டு குறிபார்க்காதீர்கள். தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி.

8. பழைய வில் வாங்குவதாக இருந்தால்

பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் கடற்கரைப் பக்கம் இருந்த வில் என்றால் எனக்குக் கூடுதல் சந்தேகம் வரும். 1914-ல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்து, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்படி ஆகிவிட்டது. வில்லின் ரைசர் (நடுத்தண்டு) அலுமினியம், அது தாங்கும். லிம்ப் போல்ட்டும் கேம் அச்சும் சின்னத் திருகுகளும் இரும்பு. வாங்கும் முன் அலன் கீயைக் கையோடு கொண்டுபோய், எல்லாத் திருகும் கொஞ்சம் அசைகிறதா என்று பாருங்கள். துரு பிடித்து உறைந்த திருகைக் கழற்றப் போய்த் தலை மழுங்கினால் அந்த வில் அந்த அளவிலேயே உறைந்துவிட்டது.

கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்பின் மேல், கீழ், ஓரம் எல்லா இடத்திலும் மெதுவாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சின் நார் அதில் மாட்டி நிற்கும். நார் மாட்டினால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். நாண் பஞ்சு பறக்கிற மாதிரி இருந்தால் அது பேரம் பேச ஒரு காரணம் மட்டுமே. நாணை எப்படியும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும். கேம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழல்கிறதா, அந்த மாடலுக்கு இன்னும் நாண் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

‘யாராவது வெறும் நாணை விட்டிருக்கிறார்களா’ என்று கட்டாயம் கேளுங்கள். அம்பில்லாமல் இழுத்து விட்டால், அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய வேகமெல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பிவிடும். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், நான் பந்தியில் இருந்த நேரம் சுவரில் மாட்டியிருந்ததை எடுத்து, பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்று இழுத்து விட்டுவிட்டார். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் நாண் கேமை விட்டு நழுவித் தொங்குகிறது, மேல் லிம்ப் நுனியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். நல்லவேளை, யார் கண்ணுக்கும் அடிபடவில்லை. அப்படித்தான் என் 70 பவுண்டு வில்லின் கதை முடிந்தது. இப்போது வில் பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கிறேன்.

9. தோப்பில் இடம் அமைப்பது

பின்னால் மண் கரை வேண்டும். காய்ந்த கண்மாயின் உட்கரை அருமையான இடம். தென்னை வரிசையைப் பின்னணியாக நம்பாதீர்கள். இரண்டு மரத்துக்கு நடுவே போகிற அம்பு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆடு மேய்க்கிறவர்களிடமும் பக்கத்துத் தோப்புக்காரரிடமும் நேரத்தைச் சொல்லி வையுங்கள்.

இலக்குக்கு முதலில் மீன் கம்பெனியில் தூக்கிப் போட்ட தெர்மாகோல் ஐஸ் பெட்டிகளை அடுக்கினேன். அம்பு நன்றாகத்தான் நின்றது. பிடுங்கினால் தண்டில் வெள்ளையாக உருகி ஒட்டிக்கொண்டு வருகிறது. உரசலில் அவ்வளவு சூடு. ஒவ்வொரு அம்பையும் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் இரண்டு பெரிய சாக்கில் பழைய சேலை, லுங்கி, பனியன் எல்லாவற்றையும் திணித்து, காலால் மிதித்து இறுக்கி, கோணி ஊசியால் வாயைத் தைத்தேன். 50 பவுண்டு வில்லின் அம்பு ஒரு சாண் உள்ளே போய் நிற்கிறது, இரண்டு விரலால் பிடுங்கலாம். பொத்தான், ஜிப்பை மட்டும் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள்.

காற்றைப் பற்றி மீன்பிடிக்கிறவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஆடியில் சோழகம் தூக்கி அடிக்கும்போது தென்கடல் பக்கம் வில்லை நேராகப் பிடிக்கவே முடியாது. நீளமான ஸ்டெபிலைசரே பாய்மரம் ஆகிவிடும். விடியற்காலை ஆறிலிருந்து எட்டு வரை பெரும்பாலும் காற்று அடங்கி இருக்கும். எனக்கு அதுதான் பயிற்சி நேரம்.

10. முதல் மூன்று மாதம்

முதல் இரண்டு வாரம் ஐந்து மீட்டரில், இலக்குத் தாள் இல்லாமல், சாக்கை மட்டும் பார்த்து. நாளைக்கு இருபது அம்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எங்கே படுகிறது என்ற கவலை வேண்டாம். தோளும் நங்கூரமும் (இழுத்த கை முகத்தில் வந்து நிற்கும் இடம்) பழைய இடத்துக்கு வரட்டும். பிறகு 10 மீட்டர், பிறகு 18. ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழாமல் 30 மீட்டருக்குப் போகாதீர்கள்.

வேட்டைக்குத் தயாராகும் மச்சான்களுக்கு இன்னும் ஒன்று. பிராட்ஹெட், அதாவது வேட்டைக்கான கத்தி முனை, பயிற்சி முனை மாதிரி பறக்காது. சீசனுக்கு ஒரு மாதம் முன்பே அதே முனையைப் போட்டுப் பாருங்கள். 50 பவுண்டு வில்லுக்கு விரிகிற முனை வேண்டாம், நிலையான கத்தி முனைதான் ஆழம் போகும். தட்டுக்குள் விழுகிற தூரம் 20 கஜம் என்றால், மான் 25-இல் நின்றாலும் விடாதீர்கள்.

எத்தனை அம்பு விட்டாலும் வில்லை மணலில் கிடத்தாதீர்கள். கேமுக்குள் ஒரு மணல் ஏறினால் நாண் அரைபடும். நான் ஒரு உடைமரக் கவட்டையை வெட்டி நட்டு அதில் மாட்டுகிறேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ரைசரையும் போல்ட்டையும் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை. திருகுத் தலைகளில் மட்டும் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. நாணில் எண்ணெய் படவே கூடாது, அதற்கு நாண் மெழுகு இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விரலால் தேய்த்தால் போதும். மத்தியான வெயிலில் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மீன் வாங்கப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் லிம்பின் ஒட்டு விடும், நாண் நீளும், காலையில் வைத்த குறி சாயங்காலம் இருக்காது.

நான் 45 பவுண்டில் ஆரம்பித்தேன். நாற்காலிச் சோதனையை ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்வேன். கடைசி அம்பும் முதல் அம்பு மாதிரியே இழுபட்டால் மட்டும் மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. மூன்றாம் மாதக் கடைசியில் 51-இல் நிற்கிறேன். மச்சான் 400 டாலர் வில்லை எடுத்து 27 அங்குலத்தில் வைத்திருக்கிறான். போன வாரம் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினான், நடுவில் ஆறு ஓட்டை. தங்கச்சிக்கு இன்னும் விஷயம் தெரியாது போலிருக்கிறது, அது அவள் புதுத் தட்டு.